கிணறு நாறாத நாள்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, கழிவுநீர் நிலையம் நாறுகிறது என்று யாராவது உங்களிடம் சண்டைக்கு வந்தால் பொறுமையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்து வேலையைப் பாருங்கள். நாறவில்லை என்றால்தான் பயப்பட வேண்டும். நான் வேலையில் இருந்த காலமெல்லாம் இந்த மூக்கை வைத்துத்தான் பிழைத்தேன். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. என் மனைவி ஊதுவத்தி கொளுத்தினால்கூட, இவள் எதை மறைக்கிறாள் என்று எழுந்துபோய்ப் பார்க்கிறேன். திட்டு வாங்குகிறேன்.

மோட்டாரைப் பற்றியும் வால்வைப் பற்றியும் நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. அதற்குப் புத்தகம் இருக்கிறது, கம்பெனிக்காரனே வந்து பாடமும் எடுப்பான். நான் சொல்லப் போவது ஒரே ஒரு நாளைப் பற்றி, அந்த நாளைத் தாண்டவைத்த ஒரு பெண்ணைப் பற்றி. என்னைவிட வயதில் மிகச் சின்னவர், எனக்கு மேலதிகாரி. பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார். நாங்கள் எல்லோரும் இன்ஜினீயரம்மா என்றுதான் கூப்பிட்டோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

எண்ணூர் முகத்துவாரத்தில், நெட்டுக்குப்பத்துக்கு இந்தப் பக்கம், ஒரு சின்னக் குப்பம் இருக்கிறது. நாலைந்து தெரு, நடுவில் ஒரு அம்மன் கோயில், கரையில் படகுகள். எங்கள் நிலையம் அந்தக் குப்பத்துக்கு மட்டுமானது. தெருக்களின் கழிவுநீர் எல்லாம் முதலில் ஒரு கிணற்றில் வந்து விழும். அங்கிருந்து பம்பு அதைத் தூக்கிக் காற்றுத் தொட்டியில் விடும். தொட்டியில் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் கோடிக்கணக்கில் இருக்கும். அடியிலிருந்து காற்றை ஊதிக்கொண்டே இருந்தால் அவை மூச்சுவிட்டுக்கொண்டு அழுக்கைத் தின்னும். தின்று முடித்த தண்ணீர் தெளிந்து ஆற்றுக்குப் போகும். அவ்வளவுதான் நிலையம். உண்மையில் வேலை செய்வது அந்தப் பூச்சிகள்தான். நாமெல்லாம் அவற்றுக்குப் பந்தி பரிமாறுகிறவர்கள்.

அந்தத் தண்ணீர் ஆற்றில் போய் விழும் இடத்தில்தான் குப்பத்துக்காரர்கள் கையால் இறால் பிடிப்பார்கள். வலை கிடையாது, தூண்டில் கிடையாது. நீர் வற்றும் நேரம் பார்த்து மார்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைத் தடவித் தடவிப் பிடிப்பார்கள். இரண்டு கையும் சேற்றில் இருப்பதால் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். பிடித்த இறால் அதற்குள் போகும். பறி வாயில் இருந்தால் ஆற்றுத் தண்ணீரும் வாய்க்கு வந்து வந்து போகும், இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

நிலையம் வருவதற்கு முன்னால் கழிவுநீர் நேராக அந்த இடத்துக்கே போனது. பிடிக்கிறவர்கள் உடம்பெல்லாம் சொறியோடு திரிந்தார்கள். காசிமேட்டு வியாபாரி கூடையை முகர்ந்துபார்த்துவிட்டு, கலீஜ் எறா வேண்டாம் என்று திருப்பி அனுப்புவார். நிலையம் ஓட ஆரம்பித்து, தண்ணீர் தெளிந்து, வியாபாரி மனம் மாறி மறுபடி வாங்க ஆரம்பிப்பதற்குள் குப்பத்துக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. இறால் பிடிக்கிறவர்களில் தேசம்மா என்று ஒரு பெண். தன் உழைப்பிலேயே மூத்த மகளைக் கட்டிக்கொடுத்தவள். அவள் ஒருமுறை என்னிடம், "பாய், இந்த ஆறு இன்னொரு தபா கெட்டுப்போச்சின்னா அந்தாளு ஜென்மத்துக்கும் இந்தப் பக்கம் வர மாட்டான். அப்பால நாங்க சேத்ததான் துன்னணும்" என்றாள். நான் கல்மண்டபத்துக்காரன். குப்பத்தில் எல்லோருக்கும் நான் பாய்.

இன்ஜினீயரம்மா வேலையில் சேர்ந்த முதல் நாள் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பம், வண்ணாரப்பேட்டையில் அப்பாவுக்கு மளிகைக் கடை. வரும் அதிகாரிகள் எல்லாம் முதலில் அறையில் மின்விசிறி ஓடுகிறதா என்று பார்ப்பார்கள். இவர் வந்ததும், "அண்ணே, தண்ணி வெளிய போற எடத்தக் காட்டுங்க" என்றார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கரைச் சேற்றில் இறங்கிவிட்டார். ஆற்றில் உட்கார்ந்திருந்த தேசம்மா பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "யாரும்மா நீ? கால வுட்டா வய்க்கினு போயிடும், அப்பிடியே நில்லு" என்று கத்தினாள்.

"புதுசா வந்திருக்கேங்க்கா. இந்தத் தண்ணி எப்படி இருக்கு?"

"என்னாண்ட கேக்குற? நீதான தண்ணி வுடுற. எறாவ துன்னு பாத்து சொல்லு!"

தேசம்மா அதைக் கிண்டலாகத்தான் சொன்னாள். இன்ஜினீயரம்மா அதை வேலையாக எடுத்துக்கொண்டார். அன்றே அவளிடம் இறால் வாங்கி, நிலையத்திலேயே அடுப்பு மூட்டி, மதியச் சோற்றுக்குத் தொக்கு வைத்தார். "எங்க அப்பா கடையில விக்கிற அரிசியத்தாம் எங்க வீட்டுலயும் பொங்குவோம்ண்ணே. நாம விடுற தண்ணியில கெடக்குற எறாவ நாமளே திங்கலேன்னா, அவங்கள மட்டும் எப்படி அதுல உக்காரச் சொல்றது?" என்றார். இந்த ஆற்றில் வந்து சேர்கிற எல்லாவற்றுக்கும் நாம் பொறுப்பாக முடியாது. நம் குழாய்க்கு நாம் பொறுப்பு, அவர் கணக்கு அதுதான். அன்றிலிருந்து வாரா வாரம் புதன்கிழமை எங்களுக்கு எறாத் தொக்கு. முதல் கவளத்தை அவர் வாயில் போட்டுக்கொண்ட பிறகுதான் நாங்கள் கை வைத்தோம். நானும் பிஸ்மில்லா சொல்லி எடுத்து வைத்தேன். என் ஆயுளில் அதை அவ்வளவு மனமுருகிச் சொன்னதில்லை.

சோதனைக்கூடத் தாள் மாதத்துக்கு ஒருமுறை வரும், புதன்கிழமையோ வாரத்துக்கு ஒருமுறை வரும். தொட்டியில் காற்று கொஞ்சம் குறைந்தாலும் எங்கள் ஆட்கள் புதன்கிழமையை நினைத்துக்கொண்டு ஓடுவார்கள். பூச்சிகளை அவர்கள் அதற்கு முன் அப்படிக் கவனித்து நான் பார்த்ததே இல்லை. எத்தனையோ அதிகாரிகளிடம் வேலை பார்த்திருக்கிறேன். சட்டத்தைக் காட்டி வேலை வாங்கியவர்கள் உண்டு, கெஞ்சி வாங்கியவர்கள் உண்டு. சாப்பாட்டுத் தட்டில் வைத்து வேலை வாங்கியது இவர் ஒருவர்தான்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை, குப்பத்து அம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாள். காலையில் நான் வேலைக்கு வந்தபோது தெருவின் இரண்டு பக்கமும் பிளீச்சிங் பவுடரில் கோடு போட்டிருந்தார்கள். நம் பக்கத்தில் பெரிய மனுஷன் வந்தாலும் சாமி வந்தாலும் முதல் மரியாதை பிளீச்சிங் பவுடர்தானே. நிலையத்து வாசலில் சேகர் நின்றுகொண்டிருந்தான். தேசம்மாவின் மூத்த மருமகன், அந்த வருடத்து விழாக்குழுவுக்குத் தலைவன். தலையில் மஞ்சள் துண்டு, முகத்தில் கல்யாண மாப்பிள்ளைக் களை.

"பாய், இன்னிக்கி உன் மூக்குக்கு லீவு," என்றான். "ஊருக்கு அம்புட்டு சொந்தக்காரனும் வர்றான். கப்பு அடிச்சா நம்ம மானம் இன்னாவுறது? அதான் நைட்டே பசங்கள வச்சி ஒரு சாக்கட மூடி வுடாம தொறந்து, மூட்ட மூட்டயா பவுடர் கொட்டிட்டோம். இப்ப ஷோக்கா கீது பாரு!"

நான் உள்ளே ஓடினேன். நாற வேண்டிய கிணறு நாறவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவைக் கழுவிவிட்ட மாதிரி கண்ணை எரிக்கும் வாடை. காற்றுத் தொட்டியில் எப்போதும் காப்பி நிறத்தில் புரளும் தண்ணீர் சாம்பல் பூத்துக் கிடந்தது, மேலே வெள்ளை நுரை. கிருமியைக் கொல்லும் பவுடருக்கு நல்ல பூச்சி எது, கெட்ட பூச்சி எது என்று தெரியுமா? ஊரே சேர்ந்து சுத்தம் செய்து, ஊரைச் சுத்தமாக வைத்திருந்தவர்களைக் கொன்றுகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் இன்ஜினீயரம்மா அன்றைக்கு வந்திருந்தார், கூழுக்குத் தேசம்மா கூப்பிட்டிருந்ததால். தொட்டியை ஒரு பார்வை பார்த்தார். "பம்ப நிறுத்துங்க. காத்த நிறுத்தாதீங்க" என்றார். காய்ச்சல்காரனுக்குச் சோற்றை நிறுத்தலாம், மூச்சை நிறுத்தலாமா? இனி ஒரு சொட்டு பவுடர் தண்ணீரும் தொட்டிக்குள் போகக் கூடாது, மிச்சம் இருக்கும் பூச்சியாவது பிழைக்கட்டும் என்பது அவர் எண்ணம்.

பம்பை நிறுத்தியாயிற்று, ஆனால் ஊர் நிற்குமா? திருவிழா நாள், வீட்டுக்கு வீடு விருந்தாளி, குளியலும் கழுவலுமாகத் தண்ணீர் கிணற்றில் விழுந்துகொண்டே இருந்தது. கிணற்றுச் சுவரில் ஒரு சிவப்புக் கோடு உண்டு. தண்ணீர் அதைத் தாண்டினால் பள்ளத்தில் இருக்கும் கோயில் தெருவில் மூடியைத் தள்ளிக்கொண்டு கழிவுநீர் வெளியே வரும். கூழ் அண்டாக்கள் இருப்பதும் அங்கேதான். இன்னொரு வழியும் இருந்தது. பைபாஸ் கதவு. அந்தச் சக்கரத்தைத் திருப்பினால் கிணற்றில் இருப்பது அத்தனையும் தொட்டிக்குப் போகாமல் நேராக ஆற்றுக்குப் போய்விடும்.

தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டோம். அன்றைக்குப் பொறுப்பில் இருந்தவர் நல்ல மனிதர்தான். "பைபாஸைத் திறந்துடுங்கம்மா. கோயில் வாசல்ல பொங்கிச்சுன்னா ஊர் கொந்தளிச்சுடும். ஆத்துல விட்டா யார் கேக்கப் போறாங்க?" என்றார். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

இன்ஜினீயரம்மா போனைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். "பொதன்கிழம நாம என்னண்ணே சாப்பிடுவோம்?" என்றார்.

பிறகு அவரே போனில், "சார், டேங்கர் லாரி ஒண்ணு அனுப்புங்க. கெணத்துத் தண்ணிய அள்ளி, நகரத்துப் பெரிய நிலையத்துக்குக் கொண்டுபோயி, அங்க பெரிய தண்ணியில கொஞ்சங்கொஞ்சமா கலந்துக்கிடலாம். லாரி வார வரைக்கும் நான் பாத்துக்கிடுதேன்" என்றார். லாரி கிளம்பியது. நம் சாலை உங்களுக்குத் தெரியாததா? துறைமுகத்துக்குப் போகும் ட்ரெய்லர்கள் வரிசை கட்டி நிற்க, அவற்றுக்குப் பின்னால் நம் லாரியும் நின்றது. அந்தி சாய்வதற்குள் வந்தால் பெரிய காரியம் என்று டிரைவர் சொல்லிவிட்டார். அதுவரை கிணறு தாங்க வேண்டுமென்றால் ஊர் தண்ணீர் புழங்கக் கூடாது.

"மோட்டார் ரிப்பேருன்னு மைக்ல சொல்லிடலாம்மா," என்றேன். "பவுடர் விஷயத்த இப்ப எடுத்தா பசங்க மெர்சலாயிடுவானுங்க. திருவிழா நேரம்."

"மோட்டார் ரிப்பேருன்னா, அது ஓடுன ஒடனே அடுத்த திருவிழாவுக்கு மறுபடியும் கொட்டுவாங்க. அதோட இது அவங்க ஆறுண்ணே. அவங்கட்ட பொய் சொல்லிட்டு அவங்கட்டயே ஒத்தாச கேக்க முடியுமா?" என்றார். நேராகக் கோயிலுக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

பம்பை மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. அண்டாக்களில் கேழ்வரகுக் கூழ் தயாராக, பக்கத்தில் கருவாட்டுக் குழம்பும் முருங்கைக்கீரையும். தேசம்மா கரண்டியோடு நின்றாள். அவளுக்கு அன்று இன்னொரு கவலையும் இருந்தது. சின்ன மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, ஆடி கழிந்து ஆவணிக்காகக் காத்திருந்தார்கள். சம்பந்தி வீட்டார் முதல் முறையாகக் கூழுக்கு வந்து பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். இன்ஜினீயரம்மா கூட்டத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. தேசம்மாவையும் சேகரையும் மட்டும், "அஞ்சு நிமிசம் என்கூட வாங்க, ஒண்ணு காட்டணும்" என்று அழைத்துக்கொண்டு வந்தார்.

தொட்டிக்கரையில் இரண்டு கண்ணாடி ஜாடிகள். ஒன்றில் முந்தைய நாள் எடுத்து வைத்த தண்ணீர்: பழுப்பு நிறம் அடியில் இறங்கிப் படிந்து, மேலே தெளிந்த நீர். மற்றதில் அன்றைய தண்ணீர்: ஒன்றும் படியாமல் அரிசி கழுவிய நீர் போலக் கலங்கிக் கிடந்தது. "அடியில இருக்கே, அது உசுரு. அதுதான் உங்க ஊரு அழுக்கத் திங்குது. இதுல அது பாதிக்கு மேல செத்துப்போச்சு" என்றார்.

சேகர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். தலையிலிருந்த மஞ்சள் துண்டை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டான். "நாந்தான் கொட்னேன்," என்றான்.

"நல்லதுக்குத்தான செஞ்சீங்க. இங்க என்ன இருக்கு, அது எதத் திங்கும், எதத் தின்னா சாவும்னு நாங்க ஒருநாளாவது உங்கள உள்ள கூப்பிட்டுக் காட்டியிருக்கணும். காட்டல. தப்பு எங்களுது."

பிள்ளைகளே, அந்த இடத்தில் நான் அந்தப் பெண்ணை மனதாரக் கும்பிட்டேன். கையும் களவுமாகப் பிடிபட்டவன் எதிரில் நிற்கிறான். எரிச்சலில் நாலு வார்த்தை விட்டிருந்தால் நியாயம் நம் பக்கம் இருந்திருக்கும், ஊர் நம் பக்கம் இருந்திருக்காது. பழியை அவர் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டதும் சேகர் சண்டை போட ஆளில்லாமல் நின்றான். அடுத்த நொடி, "இப்ப இன்னா செய்யணும், சொல்லு மேடம்" என்றான்.

தேசம்மா மட்டும் யோசனையில் இருந்தாள். "ஆத்துக்குப் போற அந்தக் கதவத் தொறந்தா இன்னா ஆவும்?"

"தொறந்தா கோயில் தப்பிச்சிரும். இந்தத் தண்ணி வத்தத்தோட கடலுக்குப் போவும், ஏத்தத்துல திரும்பி வரும். நாளைக்கு நீங்க அதுலதான் உக்காரணும்க்கா. தொறக்காம இருக்கணும்னா லாரி வார வரைக்கும் ஊரு தண்ணி புழங்கக் கூடாது. இன்னொண்ணும் சொல்லிடுதேன். தண்ணி செவப்புக் கோட்டத் தொட்டுச்சுன்னா நானே தொறந்துருவேன். கூழு குடிக்கிற பிள்ளைங்க காலடியில அது வரக் கூடாது."

இதைக் கவனியுங்கள். அடம் பிடிப்பது வேறு, உறுதியாக நிற்பது வேறு. எதுவரை நிற்பேன், எப்போது விடுவேன் என்பதை நெருக்கடி முற்றுவதற்கு முன்பே முடிவு செய்து, அதை எதிரில் இருப்பவருக்கும் சொல்லிவிட்டவர் அவர். கடைசி நிமிடத்தில் முடிவெடுக்கிறவனுக்காக முடிவெடுப்பது பயம்தான், அவன் இல்லை.

தேசம்மா திரும்பிக் கோயிலுக்கு நடந்தாள். பம்பை மேளத்தை நிறுத்தச் சொன்னாள். மைக்கைக் கையில் வாங்கினாள். சம்பந்தி வீட்டார் அவள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

"அல்லாரும் கேட்டுக்கோங்க! நம்ம புள்ளைங்க நல்லது செய்யப் போயி பேஜாராயிடுச்சி. சாக்கட தண்ணி ஆத்துக்குப் போவாம இருக்கணும்னா லாரி வர்ற வரிக்கும் ஒரு வூட்லயும் கொயா தொறக்கக் கூடாது. குளிக்காத! பாத்திரம் தேய்க்காத! துணி ஊறப்போடாத! கை கயுவணும்னா மணல்ல கயுவு, மண்ணு குடிக்கும். கக்கூசு வந்தா மெயின் ரோட்டு பெட்ரோல் பங்குக்குப் போ. விருந்தாளிங்க மன்னிச்சிக்கோங்க, எங்க மானம் போனா நாளிக்கி வந்துரும், இந்த ஆறு போனா வராது. கூயி இருக்கு, வவுறு நெறைய குடிங்க!"

பந்தலில் சம்பந்தியம்மாள் எழுந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது. அந்த அம்மாள் கையிலிருந்த சொம்புத் தண்ணீரை அப்படியே கீழே வைத்துவிட்டு, "அப்ப கைய இன்னாத்துக்குக் கயுவிகினு, அப்பிடியே ஊத்து சம்பந்தி" என்று கையை நீட்டினார். பந்தலே சிரித்தது. பம்பை மறுபடி முழங்கியது.

அன்றைக்கு அந்த ஊர் நடந்துகொண்டதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது. கூழ் குடித்த சொம்புகளை மணல் போட்டுத் தேய்த்துத் துடைத்தார்கள். காலியான அண்டாக்களைப் படகில் ஏற்றிக் கடலுக்கே கொண்டுபோய்க் கழுவினார்கள். வேப்பிலை கட்டி ஆடியவர்கள் தலையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவது வழக்கம். அன்று அவர்களையும் கடலுக்கு அழைத்துக்கொண்டு போனார்கள், அம்மனுக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. சேகர் தன் பைக்கைக் கிளப்பி, வயசானவர்களையும் கர்ப்பிணிகளையும் ஒவ்வொருவராக மெயின் ரோட்டுப் பெட்ரோல் பங்குக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தான். பெட்ரோல் போடாமலே இத்தனை தடவை வந்துபோகிறவனை அந்த பங்குக்காரன் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டான்.

நாங்கள் கிணற்றடியில் நின்றோம். தண்ணீர் ஏறுவது குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. எங்கோ ஒரு வீட்டில் மறதியாகக் குழாயைத் திறப்பார்கள், எங்கோ ஒரு குழந்தைக்கு அவசரமாக இருக்கும். ஊர் என்றால் அப்படித்தான். அலுவலகத்திலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. "இன்னும் திறக்கலையா?" "கோட்டத் தொடல சார்." மறுபடி அதே கேள்வி, மறுபடி அதே பதில். குரலில் ஒரு ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. ஆனால் அவருடைய ஒரு கை பைபாஸ் சக்கரத்தின் மேலேயே இருந்ததை நான் பார்த்தேன். உள்ளங்கை வியர்த்துச் சக்கரத்தின் பெயிண்ட் ஒட்டிக்கொண்டிருந்தது. தைரியசாலிகளுக்கு வியர்க்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கோட்டுக்குக் கீழே ஒரு சாண் இருந்தது, பிறகு நாலு விரல், பிறகு அதுவும் சந்தேகமானது. அப்போது சேகர் விழுந்தடித்துக்கொண்டு பைக்கில் வந்து நின்றான். "மேடம், லாரி வந்துகினு கீது! எண்ணூர் ரோட்ல ட்ரெய்லர்காரனுங்க கால்ல வுயாத கொறயா கெஞ்சி வயி வாங்கி இட்டாந்துட்டேன்!" அவனுக்குப் பின்னால் தெருமுனையில் லாரியின் ஹாரன் கேட்டது. குழாயைக் கிணற்றில் இறக்கி, தண்ணீர் மட்டம் கோட்டைவிட்டு இறங்குவதைப் பார்த்த பிறகுதான் இன்ஜினீயரம்மா சக்கரத்திலிருந்து கையை எடுத்தார். எடுத்த கையோடு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "அண்ணே, காலைலருந்து ஒண்ணுஞ் சாப்பிடல" என்றார், சின்னப் பிள்ளை மாதிரி. நான் கோயிலுக்கு ஓடி மிச்சமிருந்த கூழை வாங்கிவந்தேன்.

அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டுகூட ஆற்றுக்குப் போகவில்லை.

பிறகு பூச்சிகளைத் தேற்றும் வேலை. பெரிய நிலையத்திலிருந்து உயிருள்ள வண்டலைக் கொண்டுவந்து ஊற்றி, கொஞ்சம் கொஞ்சமாகத் தீனி கொடுத்தோம். அதுவரை மிஞ்சிய கழிவுநீரை லாரி அள்ளிக்கொண்டு போனது. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரை விசாரிப்பதுபோல ஊரே வந்து விசாரித்தது. "புள்ளைங்கோ எப்டி கீது பாய்? ஏதுனா துன்னுதா?" சேகர் வந்தால் ஜாடியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டுப் போய்விடுவான். அப்படி ஒரு காலையில் தேசம்மா சேலைத் தலைப்பால் மூடிய ஒரு சொம்போடு வந்தாள். உள்ளே கூழ். "ஒடம்பு முடியாம கீதுங்கோ. தண்ணியா கரச்சிருக்கேன். ஊத்து."

"அக்கா, அதுங்களுக்கு ஊரு சாக்கடையே போதும், கூழெல்லாம் வேலைக்கு ஆவாது" என்று நான் சொல்ல வாயெடுத்தேன். உண்மையும் அதுதான். ஒரு சொம்புக் கூழால் அவ்வளவு பெரிய தொட்டிக்கு நன்மையும் இல்லை, கெடுதலும் இல்லை. இன்ஜினீயரம்மா என்னை முந்திக்கொண்டார். சொம்பை இரண்டு கையாலும் வாங்கி, தேசம்மா பார்க்கத் தொட்டியில் ஊற்றினார். அவள் போன பிறகு என்னிடம், "நோயாளிக்குக் கஞ்சி கொண்டாந்தவங்கள வாசல்லயே நிப்பாட்டுவாங்களாண்ணே?" என்றார்.

அந்தச் சொம்பு தொட்டியில் என்ன செய்ததோ தெரியாது. ஊரில் என்ன செய்தது என்று நான் பார்த்தேன். அதற்குப் பிறகு அந்தக் குப்பத்தில் ஒருவரும் மூடியைத் திறந்து எதையும் கொட்டவில்லை. பெயிண்ட் கழுவிய தண்ணீரைக்கூட வாளியில் எடுத்துவந்து, இதை ஊற்றலாமா என்று எங்களிடம் கேட்டார்கள். அடுத்த ஆடியில் கூழ் ஊற்றத் தொடங்கும் முன் பம்பை மேளம் நின்றது. சேகர் முதல் சொம்பை எடுத்துக்கொண்டு நிலையத்துக்கு நடந்துவந்தான். பின்னாலேயே ஊர் வந்தது. தொட்டிக்கு ஊற்றிய பிறகுதான் மனுஷர்களுக்கு. இன்றுவரை அதுதான் வழக்கம். நாளைக்கு அங்கே பொறுப்பேற்கப் போகிறவர் யாரானாலும், ஆடியில் அந்தச் சொம்பு வரும்போது கணக்குப் பேசாமல் இரண்டு கையாலும் வாங்குங்கள்.

பவுடர் கொட்டிய அந்த வாரத்துப் புதன்கிழமையையும் சொல்லிவிடுகிறேன். எப்போதும் நாங்கள்தான் போய் இறால் வாங்குவோம். அன்று தேசம்மாவே கூடையோடு வந்து, எங்கள் அடுப்புக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டாள். காசு வாங்கவில்லை. தொக்கு இறங்கியதும் எங்கள் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு தப்பித்ததா என்பதை அவள் எங்கள் வாயைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இன்ஜினீயரம்மா வழக்கம்போல முதல் கவளத்தைப் போட்டுக்கொண்டார். நாங்கள் யாரும் அவர் விழுங்கும்வரை காத்திருக்கவில்லை. தேசம்மா எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு, "சரி, வத்தம் ஆரம்பிச்சிடும், நான் வரேன்" என்று ஆற்றுக்குப் போனாள். காசிமேட்டு வியாபாரி அன்று மாலையும் வந்தார், அவருக்கு நடந்தது எதுவும் தெரியாது. ஆவணியில் கல்யாணம் நடந்தது. சம்பந்தியம்மாள் பந்தியில் கை கழுவத் தண்ணீர் கேட்டு, ஊரையே ஒருமுறை சிரிக்கவைத்தார்.

இன்ஜினீயரம்மா மாற்றலாகி வேறு ஊருக்குப் போய்விட்டார். அவருக்குப் பின்னால் வந்தவர்களையும் புதன்கிழமைக்குப் பழக்கிவிட்டுத்தான் நான் ஓய்வு பெற்றேன். கடைசி நாள் மாலை, சால்வையும் மாலையுமாகக் கரைக்குப் போய்த் தேசம்மாவிடம் சொல்லிக்கொள்ள நின்றேன். அவள் மார்பளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தாள். பறியை வாயிலிருந்து எடுத்தாள். நன்றாக இரு, உடம்பைப் பார்த்துக்கொள் என்று ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"நீ போற, சரி," என்றாள். "அடுத்து வர்ற பசங்கோ எறா துன்னுவானுங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள். ஆற்றுத் தண்ணீர் அவள் உதட்டைத் தொட்டுத் தொட்டுப் போனது. அதனால்தான் உங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து இவ்வளவும் சொன்னேன். வருகிற புதன்கிழமை அவளுக்கு நீங்கள் பதில் சொல்லுங்கள்.